வண்டி எதில் ஊன்றி நிற்கிறது?

முன்னால் பக்கெட் வைத்து மண் அள்ளும் சிறிய வண்டியான ஸ்கிட் ஸ்டியர் லோடரை வைத்து நான் முதன்முதலில் எடுத்த குழாய்ப் பள்ளம் 40 மீட்டர் நீளம், 1 மீட்டர் ஆழம். கையில் இருந்தது பல் வைத்த பக்கெட் ஒன்றுதான். அதன் அகலம் 1.8 மீட்டர். குழாய்க்கு வேண்டியதோ 30 சென்டிமீட்டர். காலையில் ஒரு துண்டுத் தாளில் பெருக்கிப் பார்த்திருந்தால் அந்த பக்கெட்டோடு வேலையைத் தொட்டிருக்க மாட்டேன். 30 சென்டிமீட்டர் அகலத்தில் எடுத்தால் 12 கன மீட்டர் மண். பக்கெட் அகலத்துக்கே எடுத்தால் 72 கன மீட்டர். ஆறு மடங்கு மண்ணைத் தோண்டினேன், ஆறு மடங்கு மண்ணை மறுபடி தள்ளி மூடினேன்.

அதோடு முடியவில்லை. லோடர் தன் சக்கரம் நிற்கிற மட்டத்துக்குக் கீழே கொஞ்சம்தான் சுரண்டும். அதற்கும் கீழே போக வேண்டுமானால் வண்டியும் பள்ளத்துக்குள் இறங்கியாக வேண்டும். இறங்கச் சரிவு, ஏறச் சரிவு என்று இரண்டு முனையிலும் மண்ணை வெட்டினேன். சாயங்காலம் பார்த்தால் குழாய்ப் பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் லாரி இறங்குகிற பாதை கிடந்தது. மூடிய மண்ணை அடுக்கடுக்காகக் கெட்டிக்காமல் விட்டதால், மழைக்குப் பிறகு அந்த 40 மீட்டரும் வரப்பு கட்டிய வாய்க்கால் போல உள்வாங்கிவிட்டது. இடத்துக்காரர் கோபப்படவில்லை. உள்வாங்கிய இடத்தைக் காட்டிவிட்டுப் பேசாமல் நின்றார். அது இன்னும் எனக்குள் கிடக்கிறது.

அந்த வாரம் ஒரு மூத்த ஆபரேட்டரிடம் போய், பள்ளம் எடுக்க எந்த அட்டாச்மெண்ட் (வண்டியின் முன்னால் கழற்றி மாட்டும் கருவி) வாங்கலாம் என்று கேட்டேன். அவர் அட்டாச்மெண்ட் பற்றிப் பேசவே இல்லை.

"தம்பி, வண்டி எதுல ஊணி நிக்குது?"

"டயர்லதாண்ணே."

"தோண்டும்போது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மண்ணை நாம் எவ்வளவு விசையோடு தள்ளுகிறோமோ, அவ்வளவு விசையோடு மண்ணும் நம்மைத் திருப்பித் தள்ளும். அந்தத் திருப்பித் தள்ளலை வண்டியின் எந்த உறுப்பு வாங்கிக்கொள்கிறது என்று பார், பிறகு இரும்பைப் பார் என்றார். அதற்குப் பிறகு நான் பயன்படுத்திய ஒவ்வொரு தோண்டும் கருவியையும் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் புரிந்துகொண்டேன்.

இந்த வண்டி எதற்காகப் பிறந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பேச்சில் பலரும் இதை பாப்கேட் என்பார்கள், அது ஒரு நிறுவனத்தின் பெயர். 1957-இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் லூயிஸ் கெல்லர், சிரில் கெல்லர் என்ற சகோதரர்கள் ஒரு வான்கோழிப் பண்ணைக்காரருக்காகச் சிறிய லோடர் ஒன்றைச் செய்து கொடுத்தார்கள். கொட்டகைக்குள் தூண்களுக்கு நடுவே சுற்றித் திரும்ப வேண்டும், மாடித் தளம் தாங்குகிற எடையாக இருக்க வேண்டும், எருவை அள்ளி வெளியே கொட்ட வேண்டும். அதற்கு மூன்று சக்கரம்தான். அடுத்த ஆண்டு மெல்ரோ நிறுவனம் அதன் உரிமையை வாங்கியது. 1960-இல் வந்த எம்-400 மாடலில்தான் நான்கு சக்கரமும் வந்தன. ஒரு பக்கத்து இரண்டு சக்கரங்களும் சேர்ந்தே சுற்றும், திசை மாற்றச் சக்கரம் திரும்பாது, வண்டி தரையில் சறுக்கித்தான் திரும்பும். இன்றைக்கு வரை அடிப்படை அதுதான்.

அதாவது இது அள்ளுவதற்கும் சுமப்பதற்கும் பிறந்த வண்டி. தோண்டுவதற்காக வடிவமைத்த வண்டி இல்லை. எக்ஸ்கவேட்டர் தன் எடையை அகலமாகப் பரப்பி உட்கார்ந்துகொண்டு, கையை மட்டும் நீட்டித் தோண்டும். நம் லோடரோ நடந்துகொண்டேதான் தோண்டும். ஆகவே தோண்டுகிற அட்டாச்மெண்ட் ஒவ்வொன்றும் இந்தக் குறையைத் தன் வழியில் ஈடுகட்டப் பார்க்கிறது.

பல் பக்கெட்டில் திருப்பித் தள்ளும் விசை முழுக்க டயருக்குத்தான் போகிறது. 3 டன் வண்டி என்று வைத்துக்கொள்வோம். கெட்டியான காய்ந்த மண்ணில் டயரின் பிடிப்பு எடையில் பாதி என்று எடுத்துக்கொண்டால் கிடைக்கிற தள்ளு விசை 1.5 டன். அதை 1.8 மீட்டர் நீளமான வெறும் வெட்டு விளிம்பில் பரப்பினால் ஒரு சென்டிமீட்டருக்கு 8 கிலோ சொச்சம். அதே பக்கெட்டில் 6 சென்டிமீட்டர் அகலப் பற்கள் எட்டு இருந்தால், முதலில் மண்ணைத் தொடுவது மொத்தம் 48 சென்டிமீட்டர்தான். சென்டிமீட்டருக்கு 31 கிலோ. பல் வைப்பதன் பலன் அவ்வளவும் இந்தக் கணக்கில் இருக்கிறது. இன்ஜின் பெரிதாகவில்லை, எடை கூடவில்லை, விசை குவிந்திருக்கிறது. மண் ஈரமானால் டயர் பிடிப்பு சரிந்துவிடும், அப்போது பல்லும் கைகொடுக்காது.

இன்னொன்றையும் பக்கெட்டில் கவனிக்க வேண்டும். காலி பக்கெட்டோடு நிற்கும்போது வண்டியின் எடையில் ஏறத்தாழ 70 சதவீதம் பின் சக்கரங்களில் இருக்கும். பக்கெட் நிறைந்ததும் அது முன்பக்கத்துக்கு மாறிவிடும். புதிதாக ஓட்டுகிறவர்கள் பல்லை மண்ணில் குத்தி, பக்கெட்டைத் தாங்கும் கையான ஆர்மைக் கீழே அழுத்திக்கொண்டே போவார்கள். முன் சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும். வண்டி பக்கெட்டின் நுனியிலும் பின் சக்கரத்திலும் நிற்கும்போது முன் டயர்கள் சும்மா சுழலும், பிடிப்பு போய்விடும். கோணத்தைக் குறைத்து, மண்ணை மெல்லிய அடுக்காகச் சீவினால் பாதி நேரத்தில் வேலை நடக்கும். மேல்மண் எடுப்பது, அகலமான அஸ்திவாரப் பரப்பை இறக்குவது, மேட்டைக் கரைப்பது எல்லாவற்றுக்கும் பல் பக்கெட்டை விட நல்ல கருவி இல்லை. குறுகலான ஆழமான பள்ளம் மட்டும் அதன் வேலை இல்லை.

ஆர்ம் எழும்பும் பாதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வில் போல வளைந்து எழும்பும் ஆர்ம் தரை மட்ட வேலைக்கும் தோண்டவும் நல்லது, மூட்டுகளும் குறைவு. நேராக மேலே எழும்பும் ஆர்ம் லாரியில் ஏற்றுவதற்கு நல்லது. தோண்டுவதுதான் முக்கால்வாசி வேலை என்றால் வில் பாதை வண்டியே போதும்.

பேக்ஹோ அட்டாச்மெண்டைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேச வேண்டும். பள்ளம் என்றதும் எல்லோர் மனமும் முதலில் போகிற இடம் அதுதான், என் மனமும் அங்கேதான் போனது. லோடரின் முன்னால் பூம் என்கிற நீண்ட கை, அதன் நுனியில் 30 முதல் 60 சென்டிமீட்டர் பக்கெட், வலமும் இடமும் சுழலும் மூட்டு, தரையில் ஊன்ற இரண்டு கால்கள். மூத்தவரின் கேள்விக்கு இதில் நேரான பதில் இருக்கிறது: வண்டி அந்த ஊன்றுகால்களில் நிற்கிறது. டயரின் பிடிப்பை நம்பத் தேவையில்லை. அதனால் பக்கச் சுவர் நிமிர்ந்து நிற்கிற பள்ளம் கிடைக்கும், வண்டி உள்ளே இறங்க வேண்டியதும் இல்லை. அடியில் கல் வந்தால் சுற்றித் தோண்டி எடுக்கலாம். குழாய் குறுக்கே போனால் பார்த்துப் பார்த்துச் சுரண்டலாம். இப்படி நிதானமாக வேலை செய்ய மற்ற எந்த அட்டாச்மெண்டாலும் முடியாது.

ஆனால் விளம்பரத் தாளில் போட்டிருக்கும் ஆழத்தை அப்படியே நம்ப வேண்டாம். 2.5 மீட்டர் என்று இருந்தால், பூமை முழுக்க நீட்டி பக்கெட்டின் பல் நுனி ஒரே ஒரு புள்ளியைத் தொடுகிற ஆழமாக அது இருக்கலாம். அடிமட்டம் சமமாக வர வேண்டும் என்றால் கிடைக்கிற ஆழம் அதைவிடக் குறையும். தட்டையான அடிக்கான ஆழத்தைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். எடையையும் பாருங்கள். பெரிய பேக்ஹோ 500 கிலோவைத் தாண்டுவது சாதாரணம், அவ்வளவும் வண்டியின் மூக்கில் தொங்குகிறது.

அடுத்து ஆபரேட்டர் உட்காரும் இடம். சில பேக்ஹோக்களில் தனி இருக்கையும் லீவர்களும் அட்டாச்மெண்டிலேயே இருக்கும். பார்வை நன்றாக இருக்கும், கை நுட்பம் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு முறை வண்டியை நகர்த்தவும் கேபினுக்குள் ஏறி, ஊன்றுகாலைத் தூக்கி, ஒரு மீட்டர் பின்னே வந்து, மறுபடி ஊன்றி, மறுபடி வெளியே இறங்க வேண்டும். 40 மீட்டர் பள்ளத்தில் இதை எத்தனை முறை செய்ய வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். கேபினுக்குள் இருந்தபடியே இயக்கும் வகையில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் பக்கெட்டின் அடி எங்கே இருக்கிறது என்பது பல நேரம் கண்ணுக்குத் தெரியாது, வெளியே நின்று கை காட்ட ஒருவர் வேண்டும். நான் இரண்டையும் ஓட்டியிருக்கிறேன். ஒரே இடத்தில் நின்று குழி எடுக்கும் வேலைக்குத் தனி இருக்கைதான் நல்லது. நீளப் பள்ளத்துக்கு கேபின் வகை.

மூன்றாவது ஒரு வகை உண்டு. சுழலும் மூட்டும் கிடையாது, ஊன்றுகாலும் கிடையாது. ஒரு கை, அதன் நுனியில் பக்கெட், கருவியை வண்டியோடு பூட்டும் இணைப்பான கப்ளரில் மாட்டிக்கொள்ள ஒரு தகடு, அவ்வளவுதான். எடை குறைவு, மாட்டுவது சுலபம். நான் முதலில் வாங்கியது இதைத்தான். மாட்டிய அன்றே மூத்தவரின் கேள்வி புரிந்தது. தோண்டும் விசை மறுபடியும் டயருக்கே வந்துவிட்டது. பக்கெட்டை இழுத்தால் மண் வருவதற்குப் பதிலாக வண்டி பள்ளத்தை நோக்கி நகர்ந்தது. எடுத்த மண்ணைக் கொட்ட ஒவ்வொரு முறையும் வண்டியையே திருப்ப வேண்டும், நின்ற இடமெல்லாம் டயர் உழுதுபோட்டது. நீண்ட கையின் நுனியில் வருகிற பக்கவாட்டு இழுப்பு முழுவதும் கப்ளரின் இரண்டு பின்களுக்கு, அதாவது பூட்டும் முளைகளுக்கு, வந்து சேர்கிறது. சில மாதங்களில் என் வண்டியின் கப்ளரில் ஆட்டம் விழுந்தது, புஷ்களை மாற்ற வேண்டியதாயிற்று. மரவேரைப் பிடுங்கவும், எப்போதோ ஒருமுறை சின்னக் குழி எடுக்கவும் அது போதும். பள்ளம் எடுக்கிற தொழிலுக்கு நான் அதை யாருக்கும் சொல்ல மாட்டேன்.

தினமும் பேக்ஹோ வேலைதான் என்கிறவர்களிடம் நான் வெளிப்படையாகவே சொல்கிறேன்: உங்களுக்கு அட்டாச்மெண்ட் வேண்டாம், மினி எக்ஸ்கவேட்டரைப் பாருங்கள். வாரத்தில் ஒரு நாள், அதுவும் மற்ற லோடர் வேலைகளுக்கு நடுவே என்றால் பேக்ஹோ அட்டாச்மெண்ட் உங்களுக்கானது.

டிரெஞ்சர் வேறு மாதிரி. ரம்பத்தின் சங்கிலி போல நீண்ட பட்டையைச் சுற்றி ஓடும் சங்கிலி, அதில் பற்கள். பட்டையை மண்ணில் இறக்கிவிட்டு வண்டி மெதுவாகப் பின்னோக்கி வர வேண்டும். 15 முதல் 30 சென்டிமீட்டர் அகலம், 90 சென்டிமீட்டர் முதல் 1.2 மீட்டர் வரை ஆழம் என்பது வழக்கமான அளவு. பள்ளத்தின் சுவர் கத்தியால் அறுத்த மாதிரி நிற்கும். எடுத்த மண்ணை ஒரு திருகுத் தண்டு ஓரமாக ஒதுக்கிவிடும்.

இதில் வண்டி எதில் ஊன்றுகிறது? இதைக் கண்டுபிடித்த நாளில் எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. சங்கிலி வெட்டுகிற பக்கத்தில் மண்ணை மேலே தூக்கிக்கொண்டு வருகிறது. ஆகவே மண் அந்தப் பட்டையைக் கீழே இழுக்கிறது. தோண்டும் விசையின் பெரும்பங்கு வண்டியைத் தரையோடு சேர்த்துப் பிடிக்கிறது. டயர் செய்ய வேண்டியது மெல்லப் பின்னே இழுப்பது மட்டும்தான். அதனால்தான் பக்கெட்டோடு திணறுகிற சின்ன வண்டிகூட டிரெஞ்சரோடு ஒரு மீட்டர் பள்ளத்தை நிதானமாக அறுத்துக்கொண்டு போகிறது.

எடை தடையாக இல்லாத இடத்தில் வேறொன்று தடையாக வரும். அது ஹைட்ராலிக் சக்தி, அதாவது அழுத்தத்தோடு ஓடும் ஆயில் தருகிற சக்தி. கணக்கு எளிது: நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஆயில் ஓடுகிறதோ அதை பார் கணக்கிலான அழுத்தத்தால் பெருக்கி 600-ஆல் வகுத்தால் கிலோவாட். 75 லிட்டர், 210 பார் என்றால் 26 கிலோவாட். ஆயில் ஓட்டம் அதிகமான ஹை ஃப்ளோ வண்டியில் 120 லிட்டர், 240 பார் என்றால் 48 கிலோவாட். வழியில் கொஞ்சம் சூடாகப் போய்விடும், ஆனாலும் இரண்டுக்கும் உள்ள தூரம் அப்படியே இருக்கும். பெரிய டிரெஞ்சரைச் சாதாரண ஓட்டமுள்ள வண்டியில் மாட்டினால் சங்கிலி சுற்றும், கெட்டி மண்ணைத் தொட்டதும் நின்றுவிடும். சின்ன மோட்டார் உள்ள டிரெஞ்சரை ஹை ஃப்ளோவில் மாட்டினால் மோட்டார் அளவு மீறிச் சுற்றி, ஆயில் கொதித்து, சீல்கள் போகும். வண்டியின் ஓட்டமும் அட்டாச்மெண்ட் கேட்கிற ஓட்டமும் ஒரே வரம்புக்குள் வர வேண்டும். இது பேரம் பேசுகிற இடமே இல்லை.

சங்கிலியின் பல்லையும் மண்ணைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மெத்தென்ற மண்ணுக்குக் கிண்ணம் போல வளைந்த பல், கெட்டி மண்ணுக்கும் சரளைக்கும் கார்பைடு முனை வைத்த பல், இரண்டும் கலந்த நிலத்துக்கு மாற்றி மாற்றி வைத்த சங்கிலி. ஒட்டும் களிமண் ஈரமாக இருந்தால் டிரெஞ்சரை இறக்காதீர்கள். பல்லுக்கு இடையில் மண் அப்பிக்கொண்டு, மேலே வந்ததும் கொட்டாமல் மறுபடி உள்ளேயே போகும். உருண்டைக் கற்கள் புதைந்த நிலத்திலும் வேண்டாம். தலையளவு கல் ஒன்று பல்லில் சிக்கினால் சங்கிலி துள்ளும், பல் உடையும், பட்டையே வளையவும் கூடும். வளைந்து வளைந்து போகிற பள்ளமும் அதற்கு ஆகாது.

ஒரு விபத்தைச் சொல்ல வேண்டும். வாடகைக்கு எடுத்த டிரெஞ்சரில் மூன்று ஹோஸ்கள் இருந்தன. என் வண்டியில் இரண்டுக்குத்தான் இணைப்பு இருந்தது. மூன்றாவது மெல்லிய ஹோஸ் எதற்கு என்று கேட்டேன். அது இல்லாமலும் ஓடும் என்று கொடுத்தவர் சொன்னார், நானும் முனையை மூடிக் கட்டிவிட்டு ஓட்டினேன். ஒரு மணி நேரத்துக்குள் மோட்டாரின் தண்டுப் பக்கம் ஆயில் பீய்ச்சியது. அந்த மூன்றாவது ஹோஸ்தான் கேஸ் டிரெயின். மோட்டாருக்குள் இயல்பாகக் கசிகிற ஆயிலை அழுத்தமில்லாமல் டேங்குக்குத் திருப்பி அனுப்பும் வழி. அதை அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, தண்டின் சீலைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். இப்போதெல்லாம் டிரெஞ்சரோ வேறு எந்த மோட்டார் அட்டாச்மெண்டோ, நான் முதலில் எண்ணுவது ஹோஸ்களைத்தான்.

ஆகர் என்கிற திருகுக் கருவி வட்டக் குழிக்கு. வேலிக் கால், தூண், மரக்கன்று. 15 சென்டிமீட்டரிலிருந்து 90 சென்டிமீட்டர் வரை விட்டத்தில் திருகுகள் கிடைக்கின்றன. ஆயில் ஓட்டம் வேகத்தைத் தரும், அழுத்தம் முறுக்கு விசையைத் தரும், நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டி வேகத்தைக் குறைத்து முறுக்கைக் கூட்டும். வாங்குகிறவர்கள் வேகத்தைப் பார்த்து மயங்குகிறார்கள். கெட்டி மண்ணில் வேலை செய்வது முறுக்குதான். விட்டம் இரட்டிப்பானால் மண் நான்கு மடங்கு என்பதையும் நினைவில் வையுங்கள். 30 சென்டிமீட்டர் விட்டம், 1 மீட்டர் ஆழம் என்றால் 0.07 கன மீட்டர். 60 சென்டிமீட்டர் என்றால் 0.28.

ஆகர் மண்ணை ஒரு பக்கம் திருகும்போது மண் வண்டியை மறுபக்கம் திருகப் பார்க்கும். அதைத் தாங்குவது நான்கு டயர்களின் பிடிப்பு. திருகு ஒரு வேரில் சிக்கினால் ஆர்ம் உதறுவதைக் கேபினில் இருந்தே உணரலாம். எனவே ஒரே மூச்சில் அடிவரை இறக்கக் கூடாது. ஒன்றரை அடிக்கு ஒருமுறை தூக்கி, மண்ணை உதறிவிட்டு, மறுபடி இறக்க வேண்டும். இல்லாவிட்டால் திருகு தன்னைத்தானே மரையாணி போல உள்ளே இழுத்துக்கொண்டு சிக்கிவிடும், பின்பக்கமாகச் சுற்றித்தான் மீட்க வேண்டும். திருகைத் தொங்கவிடும் மூட்டு இரண்டு திசையிலும் ஆட வேண்டும். அப்போதுதான் வண்டி கொஞ்சம் சாய்ந்து நின்றாலும் குழி நேராக இறங்கும்.

மண்வெட்டி வடிவக் குறுகிய பக்கெட்டுகள் அடிமரம் பெயர்க்கவும், புதைந்த கல்லை நெம்பவும் நல்லவை. ஆழப் பள்ளத்துக்கு இல்லை. அவ்வளவுதான் அதைப் பற்றி.

எந்தக் கருவியானாலும் மாட்டுகிற இடத்தில் சில விஷயங்கள் பொது. இன்றைய வண்டிகள் பெரும்பாலும் ஒரே மாதிரியான கப்ளரோடு வருகின்றன, ஐ.எஸ்.ஓ. 24410 என்ற தரம் அதற்கானது. ஆனால் மிகச் சிறிய வண்டிகளுக்கும் சில பழைய வண்டிகளுக்கும் அது பொருந்தாது, அளந்து பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். மாட்டியதும் லீவரை மடக்கிவிட்டால் வேலை முடிந்ததாக நினைக்கக் கூடாது. இறங்கிப் போய், இரண்டு பின்களும் அட்டாச்மெண்டின் அடித் துளை வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று கண்ணால் பார்க்க வேண்டும். நான் இதை இன்றும் ஒவ்வொரு முறையும் செய்கிறேன். ஒரு பின் உட்காராமல், உயரத்தில் இருந்து பக்கெட் கழன்று விழுந்ததை வேறொரு வேலையிடத்தில் கண்ணெதிரே பார்த்தவன் நான். கீழே யாரும் இல்லாதது அன்றைய புண்ணியம்.

எடைக் கணக்கிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. டயர் வண்டிக்குச் சொல்லப்படும் இயக்கச் சுமை, அதாவது பாதுகாப்பாகச் சுமக்கலாம் என்கிற எடை, வண்டி கவிழத் தொடங்கும் சுமையில் 50 சதவீதம். டயருக்குப் பதில் சங்கிலிப் பட்டையில் ஓடும் ட்ராக் வண்டிக்கு அது பொதுவாக 35 சதவீதம். இரண்டு வண்டியின் எண்களை நேருக்கு நேர் ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். அட்டாச்மெண்டின் எடை அந்தச் சுமைக்குள்ளேதான் அடங்க வேண்டும், அள்ளுகிற மண்ணும் அதற்குள்ளேதான். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்குக் குறையாது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் தவறு வராது.

அந்த எடையை நினைத்தால்தான் பள்ளத்தின் ஓரத்தைக் கண்டு பயம் வரும். பயம் வரவும் வேண்டும். ஒரு கன மீட்டர் சரிந்து மேலே விழுந்தால் ஒன்றரை டன் மேலே விழுகிறது, மார்பளவு புதைந்தவரால் மூச்சை இழுக்க முடியாது. எடுத்த மண்ணை ஓரத்திலிருந்து குறைந்தது 60 சென்டிமீட்டர் தள்ளிப் போடுங்கள். லோடரை ஓரத்துக்கு இணையாக ஒட்டி ஓட்டாதீர்கள். டிரெஞ்சர் அறுத்த சுவர் அழகாக நிற்பதைப் பார்த்து அது நிலைக்கும் என்று நம்பி யாரையும் உள்ளே இறக்காதீர்கள். ஒன்றரை மீட்டரைத் தொடுகிற பள்ளத்தில் சுவருக்கு முட்டுக் கொடுக்காமலோ சரிவாக வெட்டாமலோ ஆள் இறங்கக் கூடாது. மண் மோசமாக இருந்தால் அதற்கு முன்பே. தோண்டும் முன் மின்கம்பி, எரிவாயு, தண்ணீர்க் குழாய் எங்கே போகிறது என்று கேட்டு அடையாளம் போடாமல் பல்லை மண்ணில் வைக்கவே கூடாது. பேக்ஹோ ஓட்டுகிறவருக்காவது கையில் ஏதோ தட்டுப்படும். டிரெஞ்சருக்கும் ஆகருக்கும் அந்த உணர்வு கிடையாது, அறுத்த பிறகுதான் தெரியும்.

இப்போது யாராவது கூப்பிட்டால் நான் கடப்பாரையோடுதான் முதலில் போகிறேன். போன மாதம் ஒருவர் 60 மீட்டர் குழாய்ப் பள்ளத்துக்குப் பேக்ஹோ அட்டாச்மெண்ட் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். ஆழம் 90 சென்டிமீட்டர், அகலம் 20. பாதை நெடுகக் கடப்பாரையைப் போட்டுப் பார்த்தோம். 45 மீட்டர் வரை ஒரே சீராக இறங்கியது, ஒவ்வொரு குத்துக்கும் ஒரே சத்தம். கடைசி 15 மீட்டரில் கணீர் என்றது. நான்கு இடத்தில் குத்தினோம், நான்கிலும் கல்.

"பேக்ஹோவே போட்டுட்டா மொத்தத்தையும் முடிச்சிரலாமேண்ணே" என்றார்.

"முடிக்கலாம் தம்பி. ஆனா 45 மீட்டருக்கு நாப்பது தடவை ஊணித் தூக்கணும்" என்றேன்.

காலையில் டிரெஞ்சரை மாட்டி, மூன்று ஹோஸ்களையும் துணியால் துடைத்து இணைத்து, பின்களைப் பார்த்துவிட்டு இறக்கினோம். மதியத்துக்குள் 45 மீட்டரும் முடிந்தது. கல் இருந்த 15 மீட்டருக்குச் சின்ன எக்ஸ்கவேட்டர் ஒன்றை அரை நாள் வாடகைக்கு வரவழைத்தோம். குழாயை இறக்கிச் சோதித்த பிறகு டிரெஞ்சரைக் கழற்றிவிட்டு, என் பழைய 1.8 மீட்டர் பக்கெட்டை மாட்டினேன். ஓரத்தில் கிடந்த மண்ணை 15 சென்டிமீட்டர் அடுக்காக அது தள்ளித் தள்ளிக் கொடுக்க, பின்னாலேயே ஒருவர் கெட்டித்துக்கொண்டு வந்தார். இருட்டுவதற்குள் மூடிவிட்டோம். அதற்குப் பிறகு இரண்டு மழை பெய்துவிட்டது. போன வாரம் போய்ப் பார்த்தேன், தரை சமமாக இருக்கிறது.